வாசல் திறக்காத கதை: சிறார் மாய நாவலில் பழுது பார்க்கும் முறை

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறேன். அச்சில் வந்தவை தவிர, நண்பர்கள் எழுதிக்கொண்டிருக்கும் நாவல்களின் படிகளையும் வாசிப்பது உண்டு. அவற்றில் அதிகம் வருவது ஒரே வகைதான்: நாம் தினமும் நடக்கும் தெருவுக்கோ வயலுக்கோ அடியில் ஒளிந்திருக்கும் மாய உலகம், அதற்குள் போய்விடும் ஒரு பிள்ளை. பழுதுகளும் திரும்பத் திரும்ப அவையேதான் வருகின்றன. பிள்ளைகள் பழுதுக்குப் பெயர் சொல்ல மாட்டார்கள். நெளிவார்கள், தண்ணீர் குடிக்க எழுந்து போவார்கள், இல்லாவிட்டால் ஒரு கேள்வி கேட்பார்கள். அந்த நெளிவையும் கேள்வியையும் வைத்தே இதை எழுதியிருக்கிறேன்.

உங்கள் படியில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். பத்து நிமிடத்தில் சரியாகும் காரணம் முதலில் இருக்கும். மாதக்கணக்கில் திருப்பி எழுதவைப்பது கடைசியில். மேலிருந்து கீழே வாருங்கள். நேராகக் கடைசிக்குப் போய், நன்றாக இருந்த நாவலைக் கலைத்துப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு என் நாவலையே வைத்துக்கொள்கிறேன். வானம் பார்த்த ஊர். கண்மாய்க்குள் ஒரு பழைய குமிழி மடை: நீருக்கு நடுவே இரண்டு கல்தூண்கள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்கள், அடியில் கல்தொட்டி, தொட்டியின் துளையை அடைத்திருக்கும் குழவிக்கல். கல்லைத் தூக்கினால் நீர் கரைக்கு அடியில் ஓடி வயலுக்குப் போகும். அந்தத் துளைக்கும் கீழே ஈரத்தார் என்றொரு கூட்டம் வாழ்கிறது. பத்து வயதுப் பொன்னி அங்கே போகிறாள்.

## அறிகுறி: இருபதாம் பக்கத்துக்குள் நெளியத் தொடங்குகிறார்கள்

முதல் சோதனை. பென்சிலை எடுத்து, நடைமுறையில் நடக்கவே முடியாத ஒன்று கதையில் முதன்முதலாக நடக்கும் வரியைச் சுற்றி வட்டம் போடுங்கள். பக்க எண்ணைப் பாருங்கள். பத்தைத் தாண்டினால் மேலே படியுங்கள். பத்துக்குள் இருந்தால் காரணம் வேறு. 'ஆசை' பற்றிய பத்திக்குப் போங்கள்.

*கதையை அதிசயத்துக்கு வெகு முன்னாலிருந்தே தொடங்கிவிட்டீர்கள்.* பொழுது விடிகிறது, அம்மா எழுப்புகிறாள், பிள்ளை பல் தேய்க்கிறாள், பள்ளிக்குப் போகிறாள். முதல் அத்தியாயத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து வாசித்துப் பாருங்கள். மூன்று பேருடைய படிகளில் இதைச் செய்தேன். எந்தப் பிள்ளையும் எதையும் தவறவிட்டதாக உணரவில்லை.

*அதிசயம் வந்தது, ஆனால் ஓடிவிட்டது.* "மடையிலிருந்து விசித்திரமான ஒலி கேட்டது. பொன்னி வீட்டுக்குப் போனாள்." அங்கே நில்லுங்கள். அது என்ன ஒலி? எத்தனை முறை கேட்டது? கரையில் நின்ற கொக்கு என்ன செய்தது?

*பிள்ளைக்கு ஆசை எதுவும் இல்லை.* வாசல் திறப்பதற்கு முன்னால் உங்கள் நாயகிக்கு என்ன வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் ஒரு வாரம் செலவாகும், தயங்காமல் செலவிடுங்கள்.

*ஆசைக்கும் வாசலுக்கும் தொடர்பு இல்லை.* இதுதான் விலை கூடியது. என் முதல் படியில் பொன்னி கால் இடறி மடைக்குள் விழுந்தாள். "நான் விழுந்தாலும் போயிருப்பேனா?" என்று ஒரு சிறுவன் கேட்டான். ஆமாம், அவனும் போயிருப்பான். அதனால்தான் அது பொன்னியின் கதையாக இல்லை. பிறகு அவளுடைய தாத்தாவை ஊரின் நீர்பாய்ச்சி ஆக்கினேன். மூச்சடக்கி மூழ்கிக் குழவிக்கல்லைத் தூக்கியவர். கரையில் நீரைத் திறந்துவிடும் இரும்பு ஷட்டர் வந்த பிறகு அவருக்கு வேலை இல்லாமல் போனது. மூச்சடக்கும் வித்தையைப் பேத்திக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு இறந்துபோனார். அவர் கடைசியாக மூழ்கியபோது கீழே என்ன பார்த்தார் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் இப்போது அவளுடைய ஆசை. அந்த வாசலுக்குள் வேறு பிள்ளை போக முடியாது.

## அறிகுறி: "இத்தனை நாள் யாருமே பார்க்கவில்லையா?" என்று கேட்கிறார்கள்

மறைந்திருக்கும் உலகம் பற்றிய எந்த நாவலிலும் முதலில் சரிபார்க்க வேண்டிய இடம் இது. மற்ற அறிகுறிகளில் பாதி இங்கிருந்துதான் கசிகிறது.

சோதனை. வாசல் இருக்கும் இடத்துக்கு ஒரு வாரத்தில் யார் யாரெல்லாம் வருவார்கள் என்று பட்டியல் போடுங்கள். கண்மாய் என்றால் ஆடு மேய்ப்பவர், எருமை குளிப்பாட்டுபவர், துணி துவைக்கும் பெண்கள், தூண்டில் போடும் பையன்கள், கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் எடுத்தவர், கரை வேலைக்கு வரும் நூறு நாள் வேலைக்காரர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, அவர் ஏன் பார்க்கவில்லை என்று எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் "மந்திரத்தால்" என்றே விடை வந்தால் பழுது உறுதி.

*விடை உங்களுக்குத் தெரியும், படியில் இல்லை.* ஒரு வரி போதும். துணி துவைக்கும் பெண்கள் படித்துறையைத் தாண்டுவதில்லை. மடையைச் சுற்றி ஆழம் அதிகம்.

*கைப்பேசியை மறந்துவிட்டீர்கள்.* படம் எடுத்துக் காட்டலாமே என்று இன்றைய பிள்ளை கேட்காமல் விடாது. வானிலிருந்து எடுத்த படத்தில் கண்மாய் தெரிகிறதே, இது தெரியாதா என்றும் கேட்கும். சார்ஜ் தீர்ந்துவிட்டது என்பது ஒரு முறைக்கு மேல் செல்லாது. படம் எடுக்க விடுங்கள். பொன்னியின் அண்ணன் எடுத்த படத்தில் இரண்டு கல்தூண்களும் பச்சைத் தண்ணீரும் மட்டுமே இருக்கும். தண்ணீரின் மேல்பரப்பைத்தானே அது எடுக்கும்? மூழ்குகிறவருக்கு மட்டுமே தெரிவதைக் கரையில் நிற்கும் கருவி காட்டாது. அந்த விடையைப் பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

*பார்த்தவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் அவர்களைக் கதைக்குள் விடவில்லை.* எனக்குத் தெரிந்த நல்ல திருத்தம் இதுதான். ஊரில் யாருக்குமே தெரியாத இடம் என்று எதுவும் கிடையாது. தெரிந்ததற்கு ஊர் வேறு பெயர் வைத்திருக்கும். "உச்சி வேளையில் மடைப்பக்கம் போகாதே" என்பாள் அப்பத்தா. அந்த இடத்தில் தண்ணீர் சுழிக்கும் என்பார் மீன் பிடிப்பவர். தாத்தா ஒருமுறை மூழ்கி வெகுநேரம் கழித்து எழுந்தார், அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை என்பார் அவருடைய கூட்டாளி. மூவரும் ஈரத்தாரைத்தான் சொல்கிறார்கள். பொன்னி மட்டும் மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறாள். படி முழுவதும் ஆங்காங்கே கைவைக்க வேண்டும். பத்து நாள் வேலை.

*ஒளிந்திருப்பதால் அவர்களுக்கு எந்த நட்டமும் இல்லை.* நான்கு மாதம் ஆகும், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். அவர்கள் ஏன் ஒளிந்திருக்கிறார்கள் என்பதற்கு எல்லோரிடமும் விடை இருக்கிறது: மனிதர்களுக்குப் பயந்து. ஒளிந்திருப்பதால் எதை இழக்கிறார்கள் என்று கேட்டால் பலரிடம் விடை இல்லை. என்னிடமும் இரண்டு படிகள் முடியும்வரை இல்லை. மூன்றாவதில்தான் கிடைத்தது. முன்பெல்லாம் ஆண்டுக்குச் சில முறையாவது யாரோ ஒருவர் மூழ்கிக் கல்லைத் தூக்கினார். ஈரத்தாரின் அறைகளுக்குள் புதுத்தண்ணீர் பாய்ந்தது. ஷட்டர் வந்த பிறகு யாரும் மூழ்குவதில்லை. கீழே தண்ணீர் கெட்டுக்கொண்டிருக்கிறது. கல்லைத் தூக்கச் சொல்லி யாரையாவது கூப்பிட்டால் மறைவு போய்விடும். கூப்பிடாவிட்டால் உயிர் போய்விடும். இது கிடைத்ததும் நான்காம் அத்தியாயத்திலிருந்து எல்லாவற்றையும் திருப்பி எழுதினேன். நடுப்பகுதியின் தொய்வும் எதிரி யார் என்ற குழப்பமும் நான் தனியாகத் தொடாமலே போய்விட்டன.

## அறிகுறி: மந்திரம் வந்ததும் பயம் போய்விடுகிறது

சோதனை. கடைசிக் கால்பங்கில் வரும் ஒவ்வொரு மந்திரச் செயலையும் எழுதி, அது முதன்முதலாகத் தலைகாட்டிய பக்க எண்ணைப் பக்கத்தில் குறியுங்கள். எண் இல்லாமல் நிற்பவைதான் பழுதுகள்.

முன்பகுதியில் ஒரு வரியை நட்டுவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் மந்திரத்துக்கு விலை இல்லை என்று பொருள். விலை என்றதும் பலரும் நினைவையோ ஆயுளையோ வசூலிக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு ஆயுள் என்பது தொலைவான சரக்கு. கண்ணால் அளக்கக்கூடிய விலையாக வையுங்கள். பொன்னி ஒவ்வொரு முறை கீழே உதவி கேட்கும்போதும் கண்மாயில் நீர் ஒரு விரற்கடை இறங்கும். மேலே அவளுடைய அப்பாவின் நெல் கடைசித் தண்ணீருக்காகக் காத்திருக்கிறது. தூணில் ஈரக்கோடு இறங்க இறங்க நூலகத்தில் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

## அறிகுறி: பெரியவர் வாய் திறந்தால் கொட்டாவி வருகிறது

சோதனை. கதையைத் திருப்பும் முடிவுகளை அடிக்கோடிடுங்கள். பிள்ளை எடுத்ததற்கு நீலம், பெரியவர் எடுத்ததற்குச் சிவப்பு. சிவப்பு கூடுதலா?

எளிய திருத்தம், பெரியவரின் விளக்கத்தைப் பாதியில் நிறுத்துவது. மீதியைப் பிள்ளை ஊகிக்கட்டும், தவறாகவே ஊகிக்கட்டும். அடுத்தது, பெரியவரையே ஒரு விஷயத்தில் தவறவிடுவது. என் கதையில் வாசல் காக்கும் கிழட்டுக் கெளுத்திக்கு நூறாண்டுக் கதை தெரியும். ஷட்டர் என்றால் என்னவென்று தெரியாது. அதைப் பொன்னிதான் விளக்க வேண்டும்.

பிள்ளையைத் தனியே விடுவதற்காகத் தாய் தந்தையை இரண்டாம் பக்கத்திலேயே கொன்றுவிடும் வழக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் முன்னால் உட்காரும் பிள்ளைகளில் தாயையோ தந்தையையோ இழந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வரியை வாசிக்கும்போது அவர்கள் முகம் எனக்குத் தெரிகிறது. இறப்பை வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. வைத்தால் கடைசிப் பக்கம்வரை அந்தத் துக்கத்தைச் சுமந்து வாருங்கள். பிள்ளைக்கு ஒரு மதியம் மட்டும் தேவை என்றால், அறுவடைக்குப் போன பெற்றோரும் உண்ட மயக்கத்தில் கண்ணயர்ந்த அப்பத்தாவும் போதும்.

## அறிகுறி: நாள் கணக்கு உதைக்கிறது

இதைப் பிள்ளைகள் உடனே பிடித்துவிடுவார்கள். என் முதல் படியில் கோடை விடுமுறையில் பொன்னி நிறைந்த கண்மாயில் மூழ்கினாள். "மே மாதம் கண்மாயில் ஏது தண்ணீர்?" என்றாள் முன்வரிசைச் சிறுமி. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர்வரை பெய்கிறது. கண்மாய் நிறைவது அதில்தான். மே மாதத்தில் எங்கள் பக்கம் களிமண் வெடித்துக் கிடக்கும். கதையை அரையாண்டு விடுமுறைக்கு நகர்த்தினேன். பொங்கல் நெருங்கும்போது நெல் முற்றிக்கொண்டிருக்கும், தண்ணீர்த் தகராறும் இருக்கும். நகர்த்தியதால் கதைக்கு லாபம்தான்.

சோதனை. ஒரு தினசரிக் காலண்டரை எடுத்து, அத்தியாயங்களைத் தேதித்தாள்களில் எழுதுங்கள். பிறகு இவற்றைப் பாருங்கள்:

- நிலா. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் 29 அல்லது 30 நாள். பௌர்ணமி நிலா சூரியன் மறையும் நேரத்தையொட்டிக் கிழக்கே எழும். பௌர்ணமியன்று நள்ளிரவில் நிலா உதிக்கும் படி ஒன்று அண்மையில்கூட என் கைக்கு வந்தது. மூன்றாம் பிறை மாலையில் மேற்கே தெரியும், சீக்கிரமே மறைந்துவிடும்.
- பள்ளி நாளா, விடுமுறையா. வகுப்பில் இருக்க வேண்டிய பிள்ளை காலை பதினொரு மணிக்கு மடையில் என்ன செய்கிறாள்?
- இரண்டு உலகங்களின் நேரம். அங்கே ஒரு நாள், இங்கே ஒரு நாழிகை என்று வைத்தால் கடைசிவரை அதுவே இருக்கட்டும். ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு நாளுக்கு 60 நாழிகை. பெருக்கிப் பார்ப்பது எளிது.

நேரக் கணக்கை நடுவில் மாற்றியே ஆக வேண்டும் என்று வந்துவிட்டால், மாற்றத்தையே ஒரு நிகழ்ச்சியாக்குங்கள். கதையில் யாராவது ஒருவர் அதைக் கண்டு திடுக்கிட வேண்டும்.

## அறிகுறி: சத்தமாக வாசிக்கும்போது நாக்கு தடுக்குகிறது

கிளை 1: பெயர்களில் தடுக்கினால். புதிதாகப் புனையும் பெயரில் நம் எழுத்து ஒரு சிக்கல் வைக்கிறது. 'கபிடா' என்று எழுதினால் முதல் எழுத்தை ஒரு பிள்ளை 'கண்' போலவும் இன்னொரு பிள்ளை 'கஜா' போலவும் ஒலிக்கிறது. 'ப'வும் அப்படியே. அறிந்த சொல்லில் பழக்கம் கைகொடுக்கும், புனைந்த சொல்லில் கொடுக்காது. நடுவில் வல்லோசை வேண்டும் என்றால் ஒற்று இடுங்கள்: கப்பிட்டா. மெல்லோசை வேண்டும் என்றால் முன்னால் மெல்லினம் வையுங்கள்: கம்பிண்டா. பிறகு பெயரோடு ஐ, கு, இல், இடம், ஓடு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ஈரத்தாரை, ஈரத்தாருக்கு, ஈரத்தாரிடம் என்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும். 'ஸ்ரிக்ஸ்' என்று பெயர் வைத்தவர், 'ஸ்ரிக்ஸுக்கு' வரும் இடத்தில் எல்லாம் வாசகனை நிறுத்திவைக்கிறார்.

கிளை 2: வினைமுற்றில் தடுக்கினால். பேசும் கெளுத்தி வந்ததா, வந்தானா, வந்தாரா? தமிழில் பெரும்பாலான வாக்கியங்களின் முடிவில் இதற்கு விடை சொல்லியாக வேண்டும், தப்பிப்பது கடினம். அதனால் பலர் படிகளில் ஒரே பக்கத்தில் 'அது சிரித்தது', 'அவர் சொன்னார்' இரண்டும் வருகின்றன. கதைசொல்லி எதைச் சொல்வார், ஒவ்வொரு பாத்திரமும் எதைச் சொல்லும் என்று தனித்தனியே முடிவு செய்து ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். ஒரு மாலை வேலை.

இதைப் பழுதாக மட்டும் பார்க்காதீர்கள், கைக்கு வந்த வரமும் இதுவே. கெளுத்தி தன் பிள்ளைகளைப் பற்றிப் பேசும் ஏழாம் அத்தியாயம்வரை பொன்னிக்கு அது 'அது'. அந்த இரவுக்குப் பிறகு 'அவர்'. நான் ஒரு வார்த்தை விளக்கவில்லை. வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சிறுமி பக்கத்தில் இருந்தவளிடம், "இப்போது மரியாதை வந்துவிட்டது" என்று கிசுகிசுத்தாள்.

கிளை 3: உரையாடலில் தடுக்கினால். வட்டார வழக்கு உங்கள் பிறந்த ஊருடையதா? இல்லை என்றால் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் வாசித்துக் காட்டாமல் விடாதீர்கள். இதை நீங்களே சரிசெய்ய முடியாது.

## அறிகுறி: உலகம் எங்கோ பார்த்தது போல இருக்கிறது

பனி, கோபுர மாளிகை, மந்திரக்கோல், நீண்ட அங்கி. சோதனை: பிள்ளை அங்கே என்ன சாப்பிட்டாள், எதன்மேல் உட்கார்ந்தாள், என்ன மணம் அடித்தது? மூன்றுக்கும் விடை தெரியாவிட்டால் உலகம் இரவல். முதலில் மணத்தை மாற்றுங்கள். கண்மாய்க்கு அடியில் வண்டல் மணமும் அல்லிக் கிழங்கும் இருக்கும். அங்கிருந்து தொடங்கினால் மற்றவை தாமாக வரும்.

பிறரை அழைக்க வேண்டிய இடம். ஊர்த் தெய்வங்களையும் சடங்குகளையும் கதைக்குள் கொண்டுவரும்போது தனியாக முடிவெடுக்காதீர்கள். அய்யனார் கோயில் மண்குதிரைகளைப் பறக்கவிட்டு ஓர் அத்தியாயம் எழுதியிருந்தேன். குதிரை செய்யும் வேளார் ஒருவரிடம் ஒரு மாலை உட்கார்ந்தபோதுதான் புரிந்தது, ஒவ்வொரு குதிரையும் யாரோ ஒருவருடைய நேர்த்திக்கடன். பிள்ளை பிழைத்ததற்காக வைத்த குதிரைமேல் என் பாத்திரம் ஏறி விளையாடுவதை அவரால் ஏற்க முடியவில்லை. அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். அந்த மாலைக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

## அறிகுறி: உள்ளே போன பிறகு கதை நகரவில்லை

சோதனை. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் கேளுங்கள்: பொன்னி இப்போதே வீட்டுக்குத் திரும்பிவிட்டால் என்ன கெடும்? "ஒன்றும் இல்லை" என்று வரும் அத்தியாயங்கள் சுற்றுலா. இரண்டை ஒன்றாக்குங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். எடுத்தால் நூல் சிறுத்துவிடும் என்ற பயம் வேண்டாம். ஆங்கில வழிகாட்டிகள் சொல்லும் சொல் எண்ணிக்கையைப் பார்த்து நடுப்பகுதியை ஊதவைக்கிறார்கள். 'போய்க்கொண்டிருந்தவளுக்கும்' நமக்கு ஒரே சொல், அவர்களுக்கு ஒரு வாக்கியத்தில் பாதி. அந்த அளவுகோல் இங்கே செல்லாது. எல்லா அத்தியாயத்துக்கும் "ஒன்றும் இல்லை" என்றே வந்தால், 'ஒளிந்திருப்பதால் அவர்களுக்கு எந்த நட்டமும் இல்லை' என்ற பத்திக்குத் திரும்பிப் போங்கள். பழுது அங்கே இருக்கிறது.

## அறிகுறி: முடிவில் ஏமாந்த முகங்கள்

எல்லாம் கனவு என்று முடித்திருந்தால் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். இதற்கு வேறு திருத்தம் இல்லை. வாசலை நிரந்தரமாக மூடுவதாக இருந்தால், மூடும் கை பிள்ளையுடையதாக இருக்கட்டும்.

## பதிப்பாசிரியரிடம் எப்போது போவது

ஒரே பழுதை மூன்று முறை திருத்தியும் அதே பக்கத்தில் பிள்ளைகள் நெளிந்தால் போங்கள். எழுத்துப்பிழைக்காகப் போகாதீர்கள், மெய்ப்புப் பார்ப்பவர் வேறு, அவருடைய வேலை எல்லாம் முடிந்த பிறகு. ஓவியரிடம் போவதற்கு முன் உங்கள் உலகத்தின் வரைபடத்தை நீங்களே கோணல்மாணலாக வரைந்து முடியுங்கள். பாதி முரண்பாடுகள் அப்போதே தெரியும். பதிப்பாசிரியருக்குப் படியோடு மூன்று தாள்கள் கொடுங்கள்: காலண்டர் கணக்கு, மந்திரங்களின் பக்க எண்கள், அது–அவர் முடிவுகள். எந்தப் பக்கத்தில் எந்த வயதுப் பிள்ளை எழுந்து தண்ணீர் குடிக்கப் போனது என்பதையும் ஓரத்தில் குறித்துவையுங்கள். அவர் முதலில் புரட்டப்போவது அந்தப் பக்கங்களைத்தான்.